டயல் டோன் கொடுத்தவள்

அதெப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் செவ்வநேரிக்கு வந்து பிரயோஜனமில்லை, அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் வந்து, அதன் பின்னாலேயே மோடமும் வந்த அந்த வருஷத்தில், பலவேசத்தின் பெண்டாட்டி ஆவுடை தன் தொண்டையால் டயல் டோன் கொடுத்தாள், மோடம் அதைக் கேட்டு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது, கொண்டுவந்ததற்கு அவளிடமிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த மனுஷன் செய்த வேலை.

பலவேசம் நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். டி.வி. மெக்கானிக்காக இருந்தவன், திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வந்து ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தவன், சட்டைப் பையில் டெஸ்டரும் ஸ்கூட்டர் டிக்கியில் இருபது ஃப்ளாப்பியும் இல்லாமல் வெளியே இறங்கமாட்டான். ஆனால் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். அந்தக் குறையை ஆவுடை தீர்த்துவைத்தாள். காலையில் பால்காரரிடம் பிடித்தாள் என்றால் பகலில் பக்கத்து வீடு, சாயங்காலம் தெருக்குழாய், ராத்திரி புருஷன் என்று பேச்சு அறுபடாமல் ஓடும். சோறு போட்டுக்கொண்டே பேசுவாள், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள், அவன் 'ம்' போட்டால் போதும், அதுவும் போடாவிட்டால் அவன் பங்கையும் அவளே பேசிக்கொள்வாள். "கொஞ்சம் மூச்சு விடுட்டி" என்பான் அவன். அவள் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

முதல் மோடம் ரூபவதி டீச்சர் வீட்டில். டீச்சர் ரிடையர் ஆனவர், வீட்டில் தனியாள். வெளிநாட்டிலிருந்த மகன் கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்பி, அம்மா இனி மெயில் போடுங்க என்று சொல்லியிருந்தான். பலவேசம் அந்த வீட்டில் நாலு நாள் கிடந்தான். மவுஸும் மோடமும் கம்ப்யூட்டருக்குள் ஒரே போர்ட் நம்பரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட, மவுஸை அசைத்தாலே எல்லாம் உறைந்து நின்றது. மோடத்துக்கு வேறு நம்பர் கொடுத்தான், சண்டை தீர்ந்தது. கார்டைப் பிடுங்கி அடுத்த பொந்தில் சொருகினான், டிரைவரை அழித்து அழித்து மூன்று தடவை ஏற்றினான், போன் ஒயரை மாற்றினான், டப்பாவுக்குள் குடியிருந்த எறும்பையெல்லாம் ஊதித் தள்ளினான். அத்தனைக்கும் பிறகு ஸ்கிரீனில் ஒரே பதில்தான் வந்தது: டயல் டோன் இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கணீரென்று கேட்டது.

நாலாம் நாள் மத்தியானம் ஆவுடை தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். "என்னங்க, பூராவும் பிரிச்சுப் போட்டாச்சு போலிருக்கே. டீச்சர், ராத்திரி ஃபேனைப் பாத்துக்கிடுங்க, அது ஒண்ணுதான் இவுக கைபடாம இருக்கு."

"டயல் டோன் இல்லைன்னு காட்டுது" என்றான் பலவேசம்.

"ஆருக்கு இல்லையாம்?" என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தவள், "நல்லாத்தான கேக்கு, இந்தா இப்படி" என்று உதட்டை மூடிக்கொண்டு அதே சுருதியில் 'ம்ம்ம்ம்' என்று இழுத்தாள்.

மோடம் விழித்துக்கொண்டது. எண்களை விறுவிறுவென்று அழுத்தியது, அந்தப் பக்கத்து மோடத்தோடு கீச்சுக் கீச்சென்று கத்திப் பேசியது, பிறகு அடங்கியது. டீச்சரின் மகன் அனுப்பியிருந்த போட்டோ மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வெறும் வானம், பிறகு பனி மூடின ஓட்டுக்கூரை, பிறகு ஒரு கம்பளிக் குல்லா, பிறகு நெற்றி. கண் வந்ததும் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாடை வந்து சேர ஆறு நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்குப் போகிற வழியில் சொள்ளமுத்துவின் பலசரக்குக் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள் ஆவுடை. இறங்கிப் போய் வாயைத் திறந்தாள், கேட்க வந்த வார்த்தை அங்கே இல்லை. "அதாங்க, ரசத்துக்குக் கரைப்பமே."

"புளியா?" என்றான் சொள்ளமுத்து.

அதுதான். காதுக்குப் புரிந்தது, நாக்குக்கு வரவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் கையும் அந்த இடத்தில் நின்றது. புளி போனதோடு அதன் சொந்தபந்தமும் போயிருந்தது. புளிக்குழம்பும் புளியோதரையும் புளிப்பும் மாங்காயும்கூட. மறுநாள் டீச்சர் போன் செய்து, குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்கிற தொனியிலேயே சொன்னார்: "பலவேசம், இந்த மோடம் கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஆவுடை குரல்ல 'புளி'ங்குதுப்பா. ஒண்ணும் கோளாறு இல்லையே?"

ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கிட்டதான் கிடக்கே மூட்டை மூட்டையா, ஒண்ணு போனா என்ன, என்றாள்.

ஊரில் எந்த வீட்டு மோடத்துக்கும் செவ்வநேரி டோன் காதில் விழவில்லை, ஆவுடை டோன்தான் விழுந்தது. ஒரு தரம் அவள் கொடுத்துவிட்டால் போதும், பிறகு அந்த மோடம் அவளுடைய வார்த்தையைச் சொல்லிக்கொண்டு தானாகவே கிளம்பிவிடும். ஆகையால் பலவேசம் ஸ்கூட்டரை எடுத்தால் பின்னால் ஆவுடையும் உண்டு என்றாயிற்று. வாழைக்காய் மண்டி சேர்மக்கனி அண்ணாச்சி விலை கேட்பதற்கு முன்னால், "தங்கச்சியும் வருவால்லா?" என்றுதான் கேட்டார். போகிற வீட்டிலெல்லாம் அவளுக்குப் பூவும் வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தார்கள்.

டோன் கொடுக்கிற நேரத்தில் எந்த வார்த்தை அவள் மனசில் இருக்கிறதோ அதுதான் போகும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மேலத்தெருப் பெண்கள். அதன் பிறகு மோடம் போடுகிற வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடி, கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறமாதிரி வார்த்தை எடுத்தார்கள். அது வேண்டாம்டி, அன்னாடம் புழங்குறது. இந்தா, பீர்க்கங்காயைக் கொடு, உனக்குத்தான் பிடிக்காதுல்லா. ஆவுடை பீர்க்கங்காயைக் கொடுத்தாள். நாத்தனார் என்பதைக் கேட்காமலேயே கொடுத்தாள், அன்றைக்கு ராத்திரி கூட ஒரு கை சாப்பிட்டாள். ஒட்டடை, பாகப்பிரிவினை, பெருச்சாளி, பரீட்சை என்று வேண்டாத சாமானை ஒழிக்கிறமாதிரி ஒழித்துக்கொண்டே வந்தாள். வீடுகளுக்கு அந்தந்த வார்த்தையே அடையாளமாயிற்று, பெருச்சாளி வீட்டுக்குத் தந்தி வந்திருக்கு என்றால் தபால்காரர் சரியான வாசலில் போய் நின்றார். கடையில் ஆவுடை, "டீச்சர் வீடு கால் கிலோ" என்று கேட்டால் சொள்ளமுத்து புளி நிறுத்தான். அவன் ஒரு அட்டையில் எந்த வீடு எந்தச் சாமான் என்று எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். ஊர் இப்படி அனுசரித்துக்கொண்டது. சாயங்காலம் தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் ஆவுடை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள், அப்புறம் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்கும்.

பலவேசமோ? முதல் தடவை சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு வார்த்தை தேடி நின்றபோது, அந்த இடைவெளியில் மோர் ஊற்றுகிற சத்தம் தனியாகக் கேட்டது. அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒளிப்பானேன், இதமாக இருந்தது. நாளாக நாளாக இடைவெளி பெருத்தது, அவனும் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஆவணியில் சாமான் வாங்கத் திருநெல்வேலி போனான். கடைக்காரரிடம் பேச்சுவாக்கில், எங்க ஊர்ல எந்த மோடமும் டயல் டோனைக் கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி, என்றான். அவர் சிரித்தார்.

"அதுக்கு நம்ம டோன் பழக்கமில்லவே. வெளிநாட்டுச் சாமான்லா. மோடம் செட்டிங்ஸ்ல போனீர்னா, 'டயல் டோனுக்காகக் காத்திரு'ன்னு ஒரு டிக் கெடக்கும். அந்த டிக்கை எடுத்துரும். அது பாட்டுக்கு டயல் பண்ணிட்டுப் போவும்."

எந்த மெனு, எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். ஒரே ஒரு டிக். பலவேசம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், ஊர் வந்து இறங்குகிறவரை அந்தப் பையின்மேல் கையை வைத்திருந்தான்.

சொன்னானா? இல்லை. சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினான், ஆவுடை சோறு வைத்தாள், வீடு அமைதியாக இருந்தது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பிட்டான். டிக்கை எடுக்க எவனுக்கும் கை உண்டு, அப்புறம் பலவேசம் எதற்கு, ஆவுடை எதற்கு, வெற்றிலை பாக்கு எதற்கு? அண்ணாச்சி அண்ணாச்சி என்று ஊர் அவனைக் கூப்பிடுவது காதில் ஏறியிருந்தது. இந்தக் காரணத்தையெல்லாம் அவன் பிற்பாடு தானே சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டான், அதனால்தான் நான் சொல்கிறேன். அந்த நேரத்தில் அவன் செய்தது, அழுக்குச் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டதுதான். மறுநாள் காலையில் சட்டை கொடியில் காய்ந்தது, சீட்டு நனையாமல் அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஆவுடைக்கு எழுத்து படிக்கத் தெரியும் என்பது அவனுக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. கணக்குத் தெரியாத மழை, இரண்டு மாசத்துக்குப் பெய்ய வேண்டியதை இரண்டு வாரத்தில் கொட்டியது. ஒரு சாயங்காலம் விழுந்த இடியில் போன் ஒயர் வழியாக மின்னல் புகுந்து முப்பத்திரண்டு வீட்டு மோடத்தைக் கருக்கிவிட்டுப் போயிற்று. கருகின மோடம் தன் வார்த்தையைத் திருப்பித் தரவில்லை. புது மோடத்துக்குப் புது வார்த்தை வேண்டியிருந்தது. ஒழிக்கிறதுக்கு ஆவுடையிடம் வேண்டாத சாமான் ஒன்றும் மிச்சமில்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இதையா, ஐயோ பாவம், என்று கீழே வைத்தார்கள். முற்றம் போயிற்று, முற்றத்தோடு கோலமும் கொடியும் போயிற்று. 'நேற்று' போயிற்று, ஒவ்வொன்றும் முன்னைவிடப் பெரிய கூட்டமாகச் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு போயிற்று. 'தலைவலி' போயிற்று, அதன் பிறகு அவளுக்குத் தலை இடித்தபோது சொல்ல முடியவில்லை, இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், பலவேசம் தூங்குகிறாள் என்று நினைத்து மெதுவாக நடந்தான்.

வாழைக்காய் மண்டியில் நடந்ததைச் சொல்லாமல் விடலாம், ஆனால் விட்டால் கதையைப் பாதி மறைத்ததாகிவிடும். சேர்மக்கனி அண்ணாச்சியின் மண்டியில் பெண்கள் யாரும் கிடையாது, வார்த்தை எடுத்துக்கொடுக்க ஆளில்லை; வாழைத்தார்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்த ஆவுடை பலவேசத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். அந்தப் பக்கம், அந்தக் கட்டம், அந்த டிக் எல்லாம் அவன் கண்ணுக்கு எதிரே இருந்தது. "ம், கொடு" என்றான். அவள் உதட்டை மூடி டோன் கொடுத்தாள். மோடம் வாங்கிக்கொண்டு, கீச்சிடுவதற்கு முன்னால் அவள் குரலில் தெளிவாகச் சொன்னது: "வேண்டாம்."

தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னவே பலவேசம், தங்கச்சிக்கு இஷ்டமில்லையோ?" என்றார். அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி, மனசுல ஏதோ நினைச்சிருக்கா, என்றான் பலவேசம். அதன் பிறகு தினம் காலையில் மண்டியில் விலை பார்க்கிறபோதெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று ஆவுடை சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் ஏறச் சொன்னால் அவளுக்கு மறுக்கத்தான் வார்த்தையில்லை. அவள் ஏறினாள்.

கார்த்திகை பிறந்தபோது, புது மோடத்துக்கு டோன் கொடுக்க ரூபவதி டீச்சர் வீடுதான் கடைசியாக மிச்சமிருந்தது. டீச்சரின் மருமகளுக்கு அந்த வாரம் பேறுகாலம், மகன் போட்டோ அனுப்புவான். ஆனாலும் டீச்சர் வாசலிலேயே மறித்துவிட்டார். "ஆவுடை, நீ வீட்டுக்குப் போம்மா. புள்ளைய நான் பொறவு பாத்துக்கிடுதேன். உங்கிட்ட இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?"

ஆவுடை ஒரு விரலைக் காட்டினாள். பிறகு டீச்சரின் கையைப் பிடித்து நகர்த்திவிட்டு உள்ளே போய் மோடத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒன்றுதான். அந்த ஒன்று எது என்று பலவேசத்துக்குத் தெரியாது. ஆனால் பாருங்கள், அந்த நேரத்திலும் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது: 'என்னங்க' என்று தன்னைக் கூப்பிடுகிறாளே, அதைத்தான் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். நினைத்ததும் பயந்துபோனான். சொல்லிவிடலாம், இப்போதே, டீச்சர் முன்னாலேயே, இதற்கு டோனே தேவையில்லை என்று சொல்லிவிடலாம். எல்லா வார்த்தையும் பத்திரமாக இருந்த அவன் நாக்கு அசையவில்லை. மவுஸின்மேல் அவன் கை கிடந்தது.

ஆவுடை அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். மவுஸை அவள் பிடித்தாள். மெனுவைத் திறந்தாள், மோடத்துக்குப் போனாள், இரண்டாவது பக்கத்துக்குப் போனாள், டயல் டோனுக்காகக் காத்திரு என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள், சரி என்பதை அமுக்கினாள். அவள் உதடு அசையவில்லை, டோன் கொடுக்கவில்லை. மோடம் எண்களை அழுத்தியது, கீச்சிட்டது, சேர்ந்தது. முன்னால் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டீச்சர் ஸ்கிரீனையும் ஆவுடையையும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பலவேசத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை விசாரித்த பார்வை. "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆவணியிலேயே தெரியும் டீச்சர்."

"உனக்கு எப்பம்மா?" என்று ஆவுடை பக்கம் திரும்பினார்.

ஆவுடை கை நீட்டிப் பலவேசத்தின் சட்டைப் பையைத் தொட்டாள். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் படித்த நாளிலிருந்து, இன்றைக்குச் சொல்வான், இந்த வீட்டில் சொல்வான், சரி அடுத்த வீட்டிலாவது சொல்வான் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கொடுத்துக் கொடுத்து அவள் காத்துக்கொண்டிருந்தாள். தலைவலியைக் கொடுத்துப் பார்த்தாள், 'வேண்டாம்' என்பதைக் கொடுத்துப் பார்த்தாள். அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஸ்கிரீனில் பிறந்த குழந்தையின் உச்சந்தலை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க வேண்டிய டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் பலவேசம் ஒவ்வொரு வீடாகப் போனான். நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னான், ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே போனான். டிக்கை எடுத்துவிட்டால் மோடம் அவள் குரலை விட்டுவிடும், ஆனால் விட்ட வார்த்தை அவளிடம் திரும்பி வராது என்று முதலில் போன வீட்டிலேயே தெரிந்துபோயிற்று. ஆகையால் பாதி வீடுகளில் அவனைத் தொடவிடவில்லை. "இருந்துட்டுப் போட்டும்வே. இங்கயாவது அவ பேசட்டும்" என்றார் சேர்மக்கனி அண்ணாச்சி, சொல்லிவிட்டு அவனை உட்காரச் சொல்லாமல் தார் எண்ணப் போய்விட்டார். தண்ணீர் குடிக்கிறியா என்று கேட்டது ஒரே ஒரு வீட்டில். அது பீர்க்கங்காய் வீடு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில் அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே சொள்ளமுத்து தூக்குவாளியும் கையுமாக வந்து நின்றான். ஆவுடைக்குப் பாயசம், அவன் சம்சாரம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆவுடை கதவைத் திறந்தாள். சொள்ளமுத்துவைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"வாங்க" என்றாள்.

பலவேசம் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றான். அவள் ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு வார்த்தை அதுதான். பழைய நாளில் அவன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவதற்குள் அவள் அதைச் சொல்லியிருப்பாள், அதற்குப் பின்னால் நூறு வார்த்தை வரும், அவனும் எதையும் காதில் வாங்காமல் உள்ளே போயிருப்பான். இப்போது சொள்ளமுத்துவுக்குச் சொன்னாள், பிறகொரு நாள் வந்த டீச்சருக்குச் சொன்னாள், பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் வழி கேட்டு வந்த யாரோ ஒருத்தருக்கும் சொன்னாள். அவனுக்குச் சொல்லவில்லை. சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பத்துப் போட்டாள், அந்த ஒன்றை மட்டும் அவன் பக்கம் திருப்பவில்லை. இதுவரை திருப்பவில்லை.

அதனால்தான் பலவேசம் இப்போதெல்லாம் யாரையாவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று தெருவில் போகிறவரை மறிக்கிறான், பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆளிடம்கூடப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறான். ஊருக்குத் தெரியும், தெரிந்துதான் வருகிறார்கள். வாசலுக்கு வந்ததும் வந்தவரை முன்னால் விட்டு, அவருடைய தோளோடு தோள் இடிக்கிறமாதிரி நெருங்கி நின்றுகொள்கிறான். கதவு திறக்கிறது, அவள் அந்த வார்த்தையைச் சொல்கிறாள், அவனும் தலையை ஆட்டிக்கொள்கிறான். ஒரு நாள் யாருமே கிடைக்கவில்லை. தனியாக வந்தான், உள்ளே போகாமல் அந்நியன் மாதிரி காலிங் பெல்லை அமுக்கிவிட்டு நின்றான். ஆவுடை வந்து திறந்தாள், அவன்தான் என்று பார்த்தாள், அவனுக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.